நிறம் கேட்டவள்

அவளுடைய பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் இல்லை. அந்தப் பேரை வாய்விட்டு ஒரே ஒரு தடவை சொன்னேன், அதுவும் சொல்லக்கூடாத இடத்தில். அதற்குப் பிறகு அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி. வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் மலையாளத்தில் வரும். அங்கே தரை கழுவுவதும், எழுந்து நடக்க முடியாதவர்களின் மூத்திரக் கோப்பையை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவி வைப்பதும் அவள் வேலை. நாற்பது வயது இருக்கலாம். காது வடித்துத் தொங்கும், அதில் நகை ஒன்றும் கிடையாது. நடுவில் எவ்வளவு இடம் இருந்தாலும் சுவரை ஒட்டியேதான் நடப்பாள்.

நோயாளிக்குக் கூட்டிருப்பாகத் துணைக்கு இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கோப்பையை நீட்டுவார்கள். அவள் அதை வாங்கியதும் நேரே கொல்லைக்குப் போகமாட்டாள். கிழக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். வெள்ளை இனாமல் கோப்பை, விளிம்பில் இனாமல் தெறித்துக் கறுத்த இரும்பு தெரியும். இப்படியும் அப்படியும் ஒரு சாய்ப்பு. பிறகு அந்தக் கட்டிலுக்கே திரும்பி வந்து, "நேத்தைக்கும் இந்த நெறந்தானா?" என்று கேட்பாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் கேட்பாள். வெட்கம் பார்க்கமாட்டாள். வார்டில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது.

காய்ச்சலில் கிடந்த என் தம்பிக்குத் துணையாக நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். எங்களுக்கு அடுத்த கட்டிலில் ஒரு கிழவர், எல்லாருக்கும் பாட்டா, காலில் ஆறாத புண்ணோடு கிடந்தார். அவருக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"என்னட்டி, இன்னைக்கு எனக்கு ராஜயோகம் உண்டுமா?"

"உண்டு பாட்டா. ஆனா ராஜாவுக்கு வெள்ளம் குடிக்க மடியா இருக்கு. ரெண்டு செம்பு குடிச்சா யோகம் தெளியும்."

"பாத்தியளா, சோழி போட்டு ஜோசியம் பாப்பான், ஓலை போட்டும் பாப்பான். இவ கோப்பையில பாக்கா!"

வார்டு முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் கண் அடுத்த கோப்பைக்குப் போயிருக்கும்.

அவள் கணக்கில் நிறம் நாலு. கஞ்சித்தண்ணி, நல்லெண்ணெய், தேயிலை, கருப்பட்டி. முதல் மூன்றையும் சத்தமாகச் சொல்லுவாள். நாலாவதைச் சொல்லமாட்டாள். உதட்டை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்வாள். அந்த உதடு மடங்கினால் என்ன அர்த்தம் என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். எனக்கு எல்லாவற்றையும் பார்க்கிற சீக்கு உண்டு. பயந்தவர்களுக்குக் கண் கூர்மை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் குளம். விழுந்துவிடுவேனோ என்ற பயத்திலேயே பாதி நாள் போகவில்லை. மீதி நாளுக்கு, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் அவனை வளர்த்தது நான்தான். இருமினால் எழுந்து உட்காருவேன். அவன் இருபது வயதில் ரப்பர் தோட்டத்துக்கு எழுத்துவேலைக்குப் போனபோது, மலைக்காய்ச்சல் வந்துவிடும் என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா, "உன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா கெடட்டி" என்றாள். நாலாம் மாதம் அவனை வில்வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னதால்தான் வந்தது என்று அம்மா கடைசி வரைக்கும் நம்பியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் உள்ளே எட்டுக் கட்டில். வெளியே வராந்தா, அதில் பாய். யார் எங்கே படுக்க வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் வருகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலம் நீச்சு உள்ள நாங்கள் உள்ளே. தோட்டத்தில் மரம் சீவுகிறவர்களும் விறகு வெட்டுகிறவர்களும் வெளியே. டாக்டர் உள்ளே வந்து நாடி பார்ப்பார். வராந்தாவுக்குக் கம்பவுண்டர்தான், தகர மூடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். ஆடி மாசம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் புறப்பட்ட காற்று அங்கே வரைக்கும் வந்து பாய்களைத் தூக்கும். உள்ளே ஜன்னலை அடைத்துக்கொள்வோம்.

மாத்திரை மட்டும் உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்றுதான். கசப்பான கொயினா மருந்து குடித்துக் காய்ச்சல் விட்டதும், திரும்ப வராமல் இருக்க ஒரு மாத்திரை, பதினாலு நாளைக்கு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. தம்பிக்குக் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, என் கையாலேயே நாக்கில் வைத்தேன்.

இரண்டாம் நாள் அவள் கோப்பையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தேயிலை" என்றாள். பிறகு கேட்டாள்: "மாத்திர தொடங்கியாச்சா மக்கா?"

"நேத்து தொடங்கிச்சு."

"நாளைக்கு நான் வாறதுக்கு முன்ன நீயே பாத்து வை. பயப்படாண்டாம். பாத்து மட்டும் வை."

என்னிடம் பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் விடிந்ததும் பார்த்தேன். கோப்பையில் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றியது மாதிரி இருந்தது. தம்பியின் கண் வெள்ளையில் மஞ்சள். எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கினான். டாக்டர் வந்து பார்த்து, காய்ச்சல் உள்ளே முற்றியிருக்கிறது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் படித்தது அப்படி. மலைக்காய்ச்சல் முற்றினால் கறுத்துப் போகும் என்பது அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் சொன்னதுதான். நல்ல மனுஷர், கட்டிலில் கை வைத்துத்தான் பேசுவார்.

அவள் வந்தாள். கோப்பையை வாங்கினாள். ஜன்னலுக்குப் போகவே இல்லை. உதடு மடங்கியது. பிறகு என் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மோ, ஒங்களுக்கு ஆங்களமாரு உண்டுமா? எப்பிடி இருக்காவ?"

கூடப்பிறந்த ஆண்கள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. வேறு எந்த ஊரிலும் அது நலம் விசாரிக்கிற கேள்வி. எங்கள் வீட்டில் அது அப்படி இல்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் அப்போதைக்குக் கொஞ்ச காலம் முன்பு வரைக்கும் மருமக்கள் வழி. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது அவன் சகோதரியின் பிள்ளைக்கு. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று சிறு பங்கு. சட்டம் மாறிப் போன பிறகும் மனசு மாறவில்லை. எந்த வீட்டிலும் தாய்மாமன் செத்தால் இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போவார்கள். என் அம்மாவுக்கு ஒரே அண்ணன், குடும்பத்துக்குக் காரணவன், அதாவது தலைவர். அவரும் தோட்டத்தில் இருந்தவர்தான். உலகச் சண்டை நடந்தபோது காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் போய்விட்டார். கண் மஞ்சளித்து, மூத்திரம் கறுத்து. அம்மாவும் அவள் ஆட்களும் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: கைவிஷம். சொத்துக்காக மாமி கொடுத்துவிட்டாள். கேஸ் நடந்தது, ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் மாமி ஊரில் இருக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் கிணற்றடி காலியாகும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தனியாகப் போய் இருந்துகொண்டாள். பத்து வருஷமாக அவள் பேரை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

ஆகவே, கோப்பை எடுக்கிறவள் ஆங்களமாரைப் பற்றி விசாரித்ததும் அம்மா தீப்பற்றிக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்ன யாரு அனுப்பினா? அவ அனுப்பினாளா? பிள்ள சாகக் கெடக்கான், இங்க வந்து காரணவன் சொத்து விசாரிக்கியா?"

"சொத்து இல்ல அம்மோ, நான் கேட்டது…"

"வாய மூடு. இனிமே எனக்க பிள்ளைக்க கட்டில்ல உன் நெழலு விழப்பிடாது."

பாட்டாகூட அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சுவரை ஒட்டி நகர்ந்து போய்விட்டாள். அப்படியாகத் தம்பியின் கோப்பையைக் கொட்டுகிற வேலை எனக்கு வந்தது.

ஆஸ்பத்திரிக் கொல்லையில் ஒரு புன்னை மரம், அதன் அடியில் கழுவுகிற கல்லு. நான் கோப்பையோடு போனபோது அவள் அங்கே குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து விலகி நின்றாள். நான் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனாலும் அவள்தான் எழுந்தாள், நான் அவளை 'நீ' என்றுதான் சொன்னேன்.

"நீ ஏன் மாமனைக் கேட்டே?"

"சும்மா கேட்டேன் மக்கா. போட்டு."

"சும்மா இல்ல. நீ உதட்ட மடக்கினே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளில் தன் முகத்தை ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பது அவளுக்கு நம்ப முடியாமல் இருந்திருக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தாள்.

வராந்தாவில் கறுத்துப்போய்ச் சாகிறவர்களை அவள் பல வருஷமாகப் பார்த்து வருகிறாள். மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள், நாலாம் நாள். எல்லாருக்கும் இல்லை. பக்கத்துப் பாய்க்காரன் அதே மாத்திரையைத் தின்றுவிட்டு எழுந்து பீடி குடித்துக்கொண்டு போவான். இவன் மட்டும் செத்துப்போவான். ஏன் இவன் மட்டும் என்று அவள் யோசித்தாள். கேட்கத் தொடங்கினாள். அப்பன் வழியில் ஒன்றும் அகப்படவில்லை. அம்மாவின் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டபோதுதான் ஒவ்வொருத்தராக, "ஆமா, எனக்க மாமனும் இப்பிடித்தான் கறுத்துப் போனாரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அம்மைக்க வழியாட்டு வருது மக்கா. ஆனா அம்மைக்கு ஒண்ணும் ஆவல. ஆம்பிளையளத்தான் புடிக்கி. காய்ச்சலு கொல்லல. மாத்திரதான் சில ரத்தத்துக்குச் சேரல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கம்பவுண்டர்கிட்ட சொன்னேன். 'உனக்கும் ஒரு கொழல் வாங்கிக் கழுத்துல போடட்டா'ன்னு கேட்டாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அவரு என்ன செய்வாரு. வராந்தாவுல செத்தா காய்ச்சல்னு எழுதிப்பிட்டா முடிஞ்சு. உள்ள செத்தாத்தான் கேள்வி."

மலையிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்த கதையையும் அப்போதுதான் சொன்னாள். ஒரே பாயில் படுத்திருந்தார்கள். அண்ணன் கறுத்துப் போய்ச் செத்தான். அவன் உடம்பை எடுத்த இடம் ஆறுவதற்குள் தம்பிக்கும் அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். இவள் போய், உனக்கு மாமன் இருந்தானா என்று கேட்டிருக்கிறாள். இருந்தான், கங்காணி கொடுத்த மருந்தில் கறுத்துச் செத்தான் என்றிருக்கிறான். "மக்கா, கசப்பு மருந்த ஒழுங்காக் குடி. இந்த மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக்கோ. ஆளு நவுந்ததும் துப்பிரு" என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் பிழைத்துப்போனான். எப்படிப் பிழைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து ஒரு குப்பி மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தான்.

"அதையும் வெளிச்சத்துல சாச்சுப் பாத்தேன். பழக்கம்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. என் மாமா செத்த கதையைச் சொன்னேன். கண் மஞ்சளித்ததை, கைவிஷம் என்றதை, மாமி போனதை. சொல்லிமுடித்தபோது அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெஷமில்ல மக்கா. அந்த அம்மா ஒண்ணும் செய்யல. தோட்டத்துல குடுத்த மாத்திரையத்தான் குடுத்திருக்கா, பாவம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி மாமாவுக்குச் செய்ததைத்தான் நான் தம்பிக்குச் செய்துகொண்டிருந்தேன். வேளை தவறாமல், என் கையால்.

"உனக்கு ஆளுவ உண்டுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஆங்களமாரு மூணு பேரு இருந்தாவ."

அவ்வளவுதான் சொன்னாள். கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள்.

"உன் பேரு என்ன?"

சொன்னாள். தன் பேரைச் சொல்லும்போது வேறு யாருடைய பேரையோ சொல்லுகிற மாதிரி கொஞ்சம் தயங்கினாள். "இஞ்ச ஆருக்கும் தெரியாது. ஆரும் கேட்டதில்ல" என்றாள்.

அன்று சாயந்திரம் மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தம்பியின் வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோய், தண்ணீரை ஊற்றிவிட்டு, மாத்திரையை விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டேன். பிறகு முந்தானையில் முடிந்தேன். உலகத்தில் எதையும் திருடியிராதவள் நான். அந்த முடிச்சு இடுப்பில் நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது.

அடுத்த மூன்று நாள் நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் ரத்தம் கரையும் என்று ஒருத்தி சொல்லுகிறாள். கொடுக்காவிட்டால் காய்ச்சல் கொல்லும் என்று டாக்டர் சொல்லுகிறார். ஒருவர் படித்தவர், மற்றவள் கோப்பை கழுவுகிறவள். தம்பி செத்துவிட்டால், டாக்டர் சொன்னதைக் கேட்காமல் கொன்றவள் நான். பிறகு ஊர் என்னை எங்கே அனுப்பும்? ஆரல்வாய்மொழியில் மாமி வீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்குமா என்றுகூட யோசித்தேன். கசப்பு மருந்தையும் தண்ணீரையும் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் கட்டில் பக்கம் வரவில்லை. தினமும் காலையில் கொல்லைக் கல்லில் நிற்பாள். நான் கோப்பையைச் சாய்த்துக் காட்டுவேன்.

"கருப்பட்டி" என்றாள் முதல் நாள். முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். ஒளிக்க வேண்டிய ஆள் இல்லாததால் இருக்கலாம்.

அடுத்த நாள், "கருப்பட்டிதான். ஆனா வெள்ளம் கூடியிருக்கு."

மூன்றாம் நாள் தேயிலை. தம்பி எழுந்து உட்கார்ந்து, "அக்கா, கொஞ்சம் தேங்காத் தொவையல் கிடைக்குமா" என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அம்மா சுசீந்திரத்துக்கு வேண்டுதல் போட்டிருந்தாள். சாமிதான் காப்பாற்றியது என்றாள்.

பின்னால் நடந்ததில் இரண்டைச் சொல்லிவிட்டு அந்தக் கடைசிக் காலையைச் சொல்லுகிறேன்.

ஒன்று, மாமியைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி. கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டதும் உள்ளே கூப்பிடவில்லை. காற்றில் கதவு அடித்துக்கொள்ள, அதைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில் நான் மூச்சு விடாமல் சொன்னேன். மாமா விஷத்தில் சாகவில்லை, மாத்திரை சேராமல் போயிருக்கிறது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அந்த மாத்திர தானா?"

"ஆமா மாமி."

"அது நான்தானே குடுத்தேன். அவுரு வேண்டாம்னு தலைய ஆட்டினாரு. நான் நிர்பந்திச்சுக் குடுத்தேன்."

அவ்வளவு காலமும் தன் கை சுத்தம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் அங்கே தனியாக இருந்திருக்கிறாள். நான் போய் அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்கு இன்றும் கவலை.

இரண்டாவது, ரொம்ப வருஷம் கழித்து. என் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சீட்டு எழுதின இளவயது டாக்டரிடம் என் தம்பியையும் மாமாவையும் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டார். சிலருடைய ரத்தத்துக்கு அந்த மருந்து ஆகாது, அது தாய் வழியாக இறங்கி ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கும், இப்போது சோதனை செய்து பார்க்க முடியும் என்றார். புன்னை மரத்தடியில் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை ஒரு டாக்டர் வாயால் கேட்டேன். பிறகு அவர், "இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "யாரோ சொன்னாங்க" என்றேன்.

அதே கேள்வியை என்னிடம் ஏற்கெனவே ஒருத்தர் கேட்டிருந்தார்.

தேயிலை நிறம் வந்ததற்கு அடுத்த நாள், நாலாம் நாள் காலை. டாக்டர் சுற்றி வந்தார். கூடக் கம்பவுண்டர். தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டாக்டருக்கு உண்மையாகவே சந்தோஷம். "கண்டோ, மருந்து பலிச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். விரிப்பை இழுத்துவிடலாம் என்று நான் குனிந்தேன். முந்தானை முடிச்சு அவிழ்ந்து, மாத்திரைகள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. ஒன்று உருண்டு டாக்டரின் செருப்பில் முட்டி நின்றது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். தரையில் கிடந்ததையும் பார்த்தார். முகம் மாறியது.

"இது கொடுக்கண்டான்னு ஆரு பறஞ்ஞு?"

ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார், போலீஸுக்குச் சொல்லிவிடுவார், தம்பியை வராந்தாவில் போட்டுவிடுவார். எல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அம்மா, "ஏட்டி, என்ன செஞ்ச? சொல்லு, யாரு சொன்னா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் அந்தப் பேரைச் சொன்னேன்.

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் யோசித்துவிட்டு, "அந்தப் பேர்ல இங்க ஆரும் இல்லையே சார்" என்றார். பாட்டா, "அப்பிடி ஒருத்தியும் இந்த வார்டுல கெடையாது" என்றார். அம்மாவும் விழித்தாள்.

அத்தனை பேருக்கும் அந்தப் பேர் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊரில் யாரோ ஒருத்தி என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, இருந்தது.

நான் கையைத் தூக்கிக் கிழக்கு ஜன்னலைக் காட்டினேன்.

பாட்டாவின் கோப்பையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றவள், எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து திரும்பினாள். என் விரலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"நாந்தான் சொன்னேன் எசமானே."

"நீ டாக்டரா?"

"இல்ல எசமானே. நான் கொட்டுகவ. கொட்டுகதுக்கு முன்ன பாக்கேன்."

பாட்டா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டாக்டர் கம்பவுண்டரிடம் ஏதோ சொன்னார். கம்பவுண்டர் அவளிடம், நாளையிலிருந்து வர வேண்டாம், இப்போதே போகலாம் என்றார். பாட்டாவின் கோப்பையைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து அதை ஜன்னல் படியில் கவிழ்த்து வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரை ஒட்டியே வாசலுக்கு நடந்தாள்.

எங்கள் கட்டிலுக்கு நேரே வந்தபோது ஒரு நிமிஷம் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருந்திருக்காது.

"இன்னைக்கு என்ன நெறம் மக்கா?"

டாக்டர் இன்னும் அங்கேதான் நின்றார். நான் காது கேட்காதவள் மாதிரி விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வராந்தாவில் பாய்கள் காற்றில் எழும்பிக்கொண்டிருந்தன. கம்பவுண்டர் தகர மூடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

தம்பிக்குப் பேரன் பேத்தி பார்க்கிற வயதாகிவிட்டது. நான் பிறகு இரண்டு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அவள் கடைசியாகக் கேட்டதற்குப் பதிலை இங்கேதான் அவளிடம் சொல்ல முடிகிறது.

கஞ்சித்தண்ணி, அக்கா. அன்னைக்கு விடியும்போதே தெளிஞ்சிருந்தது.